நெய்ச்சட்டிச் சோறு

கொலம்பஸ், ஒஹாயோ
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள சரோ,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அத்தை போய் ஆறு மாசம் ஆகியும் அடுக்களைக்குள் கால் வைக்க மனசு வரவில்லை, மெஸ் சாப்பாட்டில்தான் பொழுது ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் அந்த வரியே மனசில் கிடந்தது. ஆறுதல் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால் இங்கே நடந்த ஒன்றை எழுதுகிறேன். அதில் அத்தையும் வருவார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மீனாவும் மாப்பிள்ளையும் என்னை ஹோம்ஸ் கவுண்டிக்குக் கூட்டிப்போனார்கள். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஆமிஷ் மக்கள் கூட்டமாக வாழும் பகுதி அது. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் சுவிட்சர்லாந்துப் பக்கம் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவச் சபையார் இவர்கள். பிறகு கப்பலேறி பென்சில்வேனியாவுக்கு வந்து, அங்கிருந்து ஒஹாயோவுக்கும் பரவினார்கள். வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை, கார் வைத்துக்கொள்வதில்லை. 39-ஆம் நம்பர் சாலையில் நம் காருக்கு முன்னால் கறுப்புக் குதிரைவண்டி போகிறது, பின்பக்கம் ஆரஞ்சு நிற முக்கோணம் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு நீளக் கொடி கட்டி நீலமும் ஊதாவும் கறுப்புமாகத் துணி காயப்போட்டிருந்தார்கள். படம் எடுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது என்று மாப்பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டதால் போனைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு பண்ணை வீட்டு வாசலில் முட்டையும் நூடுல்ஸும் விற்கிறார்கள் என்று பலகை இருந்தது. கீழே ‘ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை’ என்று எழுதியிருந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மாளுக்கு நம் வயசுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பி, கருநீல கவுன், கையெல்லாம் மாவு. அடுக்களை மேசை முழுக்க வெள்ளை வேட்டி மாதிரி துணி விரித்து, மஞ்சள் நூடுல்ஸைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நம் வீட்டு மொட்டை மாடியில் வடாம் காய்வது போலவே இருந்தது சரோ. காக்கா விரட்டத்தான் ஆள் இல்லை.

இவ்வளவு மஞ்சளாக எப்படி வருகிறது என்று கேட்டேன், மீனா இங்கிலீஷில் சொன்னாள். கரு மட்டும் போடுகிறோம் என்றார்கள். ஏஞ்சல் ஃபுட் கேக் என்று ஒன்று செய்வார்களாம், அதற்குப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளை வேண்டும். மிஞ்சுகிற பன்னிரண்டு கருவை என்ன செய்வது? மாவில் போட்டுப் பிசைந்து நூடுல்ஸ் ஆக்கிவிடுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். ஒரு பொருளும் வீணாகாத வீடு. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

எப்படிச் சமைப்பது என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது ரொம்பக் கொஞ்சம்: “வெண்ணெயைச் சிவக்க விடு. கோழிச்சாறு ஊற்று. கொதித்ததும் நூடுல்ஸ் போடு. அடுப்பை அணைத்து மூடு. திறக்காதே.” கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள். ஒரு பொட்டலமும், உருளையாகக் காகிதம் சுற்றிய வெண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

முதல் தடவை நான் கெடுத்துவிட்டேன். மீனா வீட்டில் கறுப்பு இரும்புச் சட்டிதான் இருந்தது. அதில் வெண்ணெய் எந்த நிறத்துக்கு வந்தது என்று எப்படித் தெரியும்? சிவக்கட்டும் சிவக்கட்டும் என்று நின்றேன், கருகிப்போனது. கால் பவுண்டு வெண்ணெயைக் கொட்டும்போது மனசு பதறியது. மறுநாள் உள்பக்கம் பளபளவென்று இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தேன். நீயும் அதில்தான் வைக்க வேண்டும்.

வெண்ணெய் உருகி முதலில் மஞ்சள் குளமாகிறது. பிறகு வெள்ளை நுரை கட்டிக்கொண்டு சடசடவென்று சத்தம், அதிலிருக்கும் தண்ணீர் போகிற சத்தம். நான் கரண்டியால் நுரையை ஒதுக்கி ஒதுக்கி அடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. அடியில் வெள்ளையாகக் கிடந்த பொடி மெல்ல மெல்லப் பொன்னிறமாகி, வறுத்த கடலை நிறத்துக்கு வந்தது. அப்போது எழுந்தது பார், ஒரு வாசனை! கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் உங்கள் வீட்டுப் பின்கட்டு அடுக்களை. அத்தை நெய் உருக்குகிற நாள்.

உனக்கு நினைவிருக்கும். பத்து நாள் சேர்த்த வெண்ணெயை வெண்கல உருளியில் போட்டு, ‘சத்தம் போடாதீங்கட்டி, நெய் பேசறது காதில விழணும்’ என்று நம் இருவரையும் அடக்குவார்கள். சத்தம் அடங்கியதும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கி, வடிகட்டி, நெய்யை ஜாடியில் ஊற்றிவிட்டு, கசண்டு ஒட்டியிருக்கும் அந்த உருளியில் சுடுசோற்றைக் கொட்டி உப்புப் போட்டுப் பிரட்டுவார்கள். உனக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை. அளவில் ஒரு பருக்கை வித்தியாசம் இருக்காது. நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஒரு நாளும் குறைத்ததில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்டேன், அந்தக் கசண்டு எதனால் மணக்கிறது என்று. வெண்ணெயில் கொழுப்பு போக, கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும் இருக்கின்றனவாம். தண்ணீர் வற்றிய பிறகு சூடு ஏறும்போது அவை இரண்டும் சேர்ந்து சிவந்து அந்த மணத்தைக் கொடுக்கின்றன. நாம் அதை வடிகட்டி எடுத்துவிடுகிறோம். இங்கே வடிகட்டுவதே இல்லை, கசண்டோடு சேர்த்துத்தான் சாறு ஊற்றுகிறார்கள். ஆக நமக்குச் சட்டியில் ஒட்டியிருந்தது மட்டும்தான் கிடைத்தது, இவர்களுக்கு அதுவே முழுச் சாப்பாடு.

செய்முறையைச் சரியாக எழுதுகிறேன், நீ செய்வாய் என்ற நம்பிக்கையில். இங்கே பொட்டலம் 340 கிராம், நான்கு பேருக்குத் தாராளம். அதற்கு 110 கிராம் வெண்ணெய், ஒன்றேகால் லிட்டர் கோழிச்சாறு. சாறு ஊற்றும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஊற்று, பொங்கித் தெறிக்கும். உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். சாறு தளதளவென்று கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு மூன்று நிமிஷம் கொதிக்க விட்டு, அணைத்து, அழுத்தி மூடு. அரை மணி நேரம். உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கக் கை பரபரக்கும், திறந்தால் ஆவி போய்விடும். திறக்கும்போது சாறு பெரும்பாலும் உள்ளே போய், நூடுல்ஸ் ஒவ்வொன்றும் விரல் அகலத்துக்குக் கொழுகொழுவென்று இருக்கும். மீதி இருக்கிற கொஞ்சம் சாறு கெட்டியாக மேலே பூசிக்கொள்ளும். மிளகாய் கிடையாது, தாளிப்பு கிடையாது. இங்கே ஆட்கள் இதை உருளைக்கிழங்கு மசியலின் மேலேயே போட்டுச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அது மாவுக்கு மேல் மாவாகத் திகட்டியது, பேரனுக்கு மட்டும் அதுதான் வேண்டுமாம்.

நம் ஊர்க் கடையில் கிடைப்பது மெல்லிய சீன நூடுல்ஸ், இதற்கு ஆகாது. இங்கே ‘எக் நூடுல்ஸ்’ என்று பேர் போட வேண்டுமென்றால் முட்டையின் திடப்பகுதி நூற்றுக்கு 5.5 பங்காவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீ வீட்டிலேயே செய்துவிடலாம்: கால் கிலோ மைதா, ஆறு கரு, ஒரு முழு முட்டை, அரை ஸ்பூன் உப்பு. தண்ணீர் வேண்டாம். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்கும், பயப்படாதே. அரை மணி மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, கொஞ்சம் காயவிட்டு, சுருட்டி, அரிவாள்மணையில் நறுக்கு. சாறுக்கு நாட்டுக்கோழியே போடு, கிழக்கோழியாக இருந்தால் இன்னும் நல்லது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் வலி காலையில்தான் படுத்துகிறது, மத்தியானம் பரவாயில்லை. மீனா வேலைக்குத் திரும்பிவிட்டாள். மார்ச்சில் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. உன் பென்ஷன் விஷயம் முடிந்ததா? தம்பி வந்து பார்த்துவிட்டுப் போனானா? பின்கட்டு முருங்கை இன்னும் காய்க்கிறதா?

ஒன்று செய் சரோ. நூடுல்ஸ் பிறகு இருக்கட்டும். கால் கிலோ வெண்ணெய் வாங்கி அந்த உருளியிலேயே உருக்கு. அடுப்பில் வைத்ததும் எனக்கு போன் பண்ணிப் பக்கத்தில் வைத்துவிடு. உனக்குக் காலை பத்து மணி என்றால் எனக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை, முழித்துத்தான் இருப்பேன். ஒன்றும் பேச வேண்டாம். சத்தம் அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

உன்,
பார்வதி