பூட்டைத் திறந்துவிட்டால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கால்பந்தாட்டத்தைப் பற்றி இவளுக்கென்ன தெரியும் என்று நினைக்கலாம். எங்கள் தெருப் பையன் ஒருவனின் ஜெர்சியில் நம்பர் தைப்பதும் பிரிப்பதும் நான்தான். அவன் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும் பள்ளித் தளம் பூட்டிக் கிடப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பேட்டைக் கால்பந்து வீரர் தனபால் கணேஷை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லும் பையன் ஆடுவது அந்தப் பெரிய மைதான ஆட்டம் இல்லை, ஃபுட்சால் என்ற சின்னத் தளக் கால்பந்து. அணிக்கு ஐந்து பேர், கெட்டித் தரை, அதிகம் எகிறாத சின்னப் பந்து. 2016இல் நேரு உள்விளையாட்டு அரங்கில் பிரேசில் ஃபுட்சால் வீரர் ஃபால்காவ், பிரீமியர் ஃபுட்சால் லீக்கில் சென்னை அணிக்கு ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவன், அன்றிலிருந்து பந்தை உள்ளங்காலால் உருட்டிக்கொண்டே திரிந்தான். அந்த லீக் இரண்டு சீசனோடு போயிற்று. இவன் பித்து போகவில்லை.

பகலில் பார்சல் டெலிவரி, ராத்திரியில் ஆட்டம். கூப்பிடும் அணிக்கெல்லாம் ஆடுவான். ஒரே சட்டையில் மூன்று தடவை நம்பர் மாற்றியதில் துணி நைந்துவிட்டது. "அக்கா, இந்தத் தடவை ஒட்டிடுங்க" என்றான்.

வரும் காசில் பாதி, ஞாயிறு காலை அவனிடம் ஆடப் பழகும் இருபது பிள்ளைகளுக்குப் பந்தும் வாழைப்பழமும் வாங்கவே சரியாகிவிடும். ஆறு பேர் பெண் பிள்ளைகள். பக்கத்துப் பள்ளி ஒன்றின் சிமென்ட் கூடைப்பந்துத் தளத்தில் பயிற்சி. சுவரில் கோல் வரைய என் டேப்பைத்தான் வாங்கிப் போனான். அகலம் மூன்று மீட்டராம். 60 அங்குல டேப்பை இரண்டு தடவை நீட்டினால் இரண்டு அங்குலம் கூடுதல். அதைக் கழித்துச் சுண்ணாம்பில் கோடு போட்டோம்.

மூன்று மாதமாக அந்த வாசலில் பூட்டு. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். வாடகைக்கு விடும் செயற்கைப் புல் தளமான டர்ஃபுக்குப் போங்கள் என்கிறார் ஒருவர். பத்துப் பேர் பங்கு போட்டாலும் மணிக்குத் தலைக்கு நூறு ரூபாய் ஆகிறது. வெறுங்காலோடு வரும் பிள்ளை அதற்கு எங்கே போகும்? தெருவில்தான் ஆடுகிறார்கள். போன வாரம் ஒருவன் பைக்கில் மோதி முழங்காலில் நாலு தையல். அது என் மெஷினில் போடுகிற தையல் இல்லை.

ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்தால் போதும். விளக்கு வேண்டாம், பெருக்குவதும் நாங்களே. சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் என்னிடம் கொடுக்கட்டும். வீடும் கடையும் எனக்கு ஒன்றுதான், ஐந்தரைக்கே எழுந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39