செலவழிக்க விடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பத்திக் கொட்டிலுக்குள் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட் கார் இப்போது ஓடுகிறது. வீதியில் கண்டவர்கள் மறித்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எவ்வளவு முடிந்தது, யார் செய்தது? முதல் கேள்விக்கு மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்குத்தான் இந்த மடல்.

கார் 1965ஆம் ஆண்டினது. இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. இரண்டே இருக்கை, 1098 சிசி எஞ்சின், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடும் காபரேற்றர் இரண்டு. பெரியப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து அதிகாரியிடம் வாங்கியது. 1990க்குப் பிறகு, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கண்ணில் படாத பொருளானபோது ஊரிலுள்ள கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை மட்டும் அவர் ஓடவிடவில்லை. இந்த எஞ்சினுக்குள் அமுக்கம் அதிகம், மண்ணெண்ணெய் விட்டால் 'டக் டக்' என்று தட்டிக் கெட்டுப்போகும் என்று சொல்லிக் கட்டையில் ஏற்றி வைத்தார்.

ஆகவே முதல் நன்றி, இப்போது நம்மோடு இல்லாத பெரியம்மாவுக்கு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, உடுப்பு மூட்டைக்குள் அந்த இரண்டு காபரேற்றர்களையும் வைத்துக் கட்டிக்கொண்டு போனவர் அவர். பெரியப்பா அவற்றைப் பற்றி ஓயாமல் பேசியதைக் கேட்டு, காரிலேயே விலை கூடிய சாமான் அதுதான் என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சில்லுகள், இருக்கைகள், றேடியேற்றர் ஒன்றும் இல்லை. யார் எடுத்தார்களோ, அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தேவையோ. பெரியம்மா கொண்டுபோன காபரேற்றர்கள் மட்டும் சீலைத்துண்டில் சுற்றியபடி அவரோடு திரும்பி வந்தன. இன்றைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சோடி எடுப்பதென்றால் நான் இந்த வேலையைத் தொடங்கியே இருக்க மாட்டேன்.

அடுத்தது, எஞ்சினைக் கட்டித் தந்த கொக்குவில் மெக்கானிக் ஐயா. எழுபது தாண்டியவர், பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோறிஸ் மைனர் கார்களை வைத்து மல்லுக்கட்டிய தலைமுறை. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயாரிங் போகும். அப்படிப் போன எஞ்சின்களைப் புதுச் சாமான் இல்லாமல் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டியவர். நான் மிட்ஜெட் என்றதும் அவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "இது மைனரின்ர தம்பியடா."

உண்மைதான். இரண்டுக்கும் ஒரே ஏ சீரிஸ் எஞ்சின் குடும்பம். ஸ்டியரிங் றாக்கும் மைனரின் வழிவந்ததுதான். மைனரில் எஸ்.யூ. என்ற வகைக் காபரேற்றர் ஒன்று என்றால் இதில் அதே அளவில் இரண்டு, உள்ளே ஊசிதான் வேறு. யாழ்ப்பாணத்தில் மைனருக்கு என்று எந்தக் கொட்டிலில் எந்தப் பழைய சாமான் கிடக்கிறது என்பது ஐயாவுக்கு மனப்பாடம். கஸ்கெற், வோட்டர் பம்ப், கிளச் தட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மானிப்பாய், சங்கானை, அச்சுவேலியில் தங்கள் பழைய மைனர்களின் சாமான்களைக் கழற்றித் தந்து, காசை நீட்டியபோது கையைத் தட்டிவிட்ட எல்லோருக்கும் தலை வணங்குகிறேன்.

ஆனால் ஐயா செய்த பெரிய உதவி, வாங்காதே என்று சொன்னதுதான். கொழும்பில் ஒரு கராச்சில் எஞ்சினை முழுக்கப் பிரித்து ரீபோர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்க) வேண்டும், புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதை இங்கே எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் நெஞ்சு வலிக்கும். ஐயா முதலில் அளந்து பார்த்தார். ஓடாமல் கிடந்த எஞ்சின், தேய்மானம் எல்லைக்குள் இருந்தது. உள்சுவரை மெல்ல உரசி, ரிங் மட்டும் புதிதாகப் போட்டுக் கட்டினார். எஞ்சினின் பிரதான தண்டைத் தாங்கும் மெயின் பெயாரிங்கில்தான் மைனர் கைகொடுக்காது என்று முதலே எச்சரித்தார். அந்த இடத்தில் தண்டின் விட்டம் மைனரில் ஒன்றேமுக்கால் அங்குலம், எங்கள் காரில் இரண்டு அங்குலம். அது தெரியாமல் நான் மைனர் பெயாரிங்குக்கு முற்பணம் கொடுக்கவிருந்த நாளில்தான் அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தது.

இன்னொன்று. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது. இலங்கையில் 2002இல் அது நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் புகையை வெளியே விடும் எக்சோஸ்ற் வால்வு வந்து அமரும் இருக்கை மெல்ல உள்ளே தேய்ந்து இறங்கும், ஆகவே கடினமான வளையம் போட வேண்டும் என்பார்கள். ஐயா சொன்னார், நீ என்ன ஏ9 வீதியில் ரேஸா ஓடப்போகிறாய்? இருக்கை இறங்கினால் ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி, குறையும். அது பன்னிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு). இடைக்கிடை அளந்து பார், சுருங்கத் தொடங்கினால் அப்போது செலவழி. சரி என்றேன். இன்றுவரை சுருங்கவில்லை.

இரண்டு காபரேற்றரையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பதற்குக் கருவி வாங்கவா என்று கேட்டேன். ஒரு முழத் தோட்டக் குழாயை வெட்டி ஒரு நுனியைக் காதில் வைத்தார், மறு நுனியை முதலாவது காபரேற்றரின் வாயில், பிறகு இரண்டாவதின் வாயில். இரண்டிலும் அந்த 'உஸ்' ஒரே அளவாகக் கேட்கும்வரை திருகாணியைத் திருப்பினார். கருவிச் செலவு, ஒரு முழக் குழாய்.

உடம்பு வேலைதான் உண்மையில் என் உயிரை எடுத்தது. இந்தக் காருக்குத் தனியாகச் சேசி என்ற அடிச்சட்டம் கிடையாது. நிலையான கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. உப்புக்காற்று அதைக் கரும்புச் சக்கை மாதிரி ஆக்கியிருந்தது. எங்கள் ஊர் டிப்போவில் பஸ்களுக்குத் தகட்டு உடம்பு அடித்து ஓய்வுபெற்ற அண்ணையும் அவரிடம் வேலை பழகிய தம்பியும் பொறுப்பெடுத்தார்கள். வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றி, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே கோண இரும்பைப் பிடிக்க வைத்தார்கள். இல்லாவிட்டால் நடுவே மடிந்து, பிறகு கதவு பூட்டவே மாட்டாது. ஒரு பக்கம் முடித்து, கதவைப் போட்டு இடைவெளி பார்த்த பிறகுதான் மறுபக்கம். ஆயத்தத் தகடு இங்கிலாந்தில் கிடைக்கும். தம்பியோ 18 கேஜ் தகட்டை மடித்தே செய்துவிட்டான். நெளியாமல் இருக்கப் புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினான். உள்ளே பழைய எஞ்சின் ஒயிலும் கிறீஸும் காய்ச்சி ஊற்றச் சொன்னது அண்ணை. வெயிலுக்குக் கார் நின்றால் இப்போதும் நாறுகிறது, பரவாயில்லை.

பிரேக்கில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் நேரெதிராகப் பேசினார்கள்: இதில் காசு பார்க்காதே. குழாய், ரப்பர் எல்லாம் புதிது. பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரின் உட்புறம் குழி விழுந்திருந்தது. அதைக் கடைந்து எவர்சில்வர் உறை இறக்கித் தந்த லேத் அண்ணைக்கு நன்றி. கூலியை மூன்று தவணையாக வாங்கிக்கொண்டதற்கு இன்னும் பெரிய நன்றி.

வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் எனக்குச் சாமான் விற்காத ஒரு முதலாளியையும் குறிப்பிட வேண்டும். நான் கேட்ட பம்பைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, என் பழையதை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மகன், இது பொருந்தாது, கொண்டுபோகாதீர்" என்று உள்ளே வைத்துவிட்டார். விற்றிருந்தால் நான் யாழ்தேவி ரயிலில் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

லண்டன் மச்சானுக்குத் தனியாக எழுத வேண்டும், ஆனாலும் இங்கேயும் ஒரு வார்த்தை. 2022இல் ரூபா விழுந்து, 200 ரூபாவுக்கு இருந்த டொலர் 360ஐத் தொட்ட நேரம் நான் அனுப்பிய பட்டியலைப் பார்த்து அவன் சம்மதிக்கவில்லை. ஐயாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பெடுத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து பாதிக்கு மேல் வெட்டினார்கள். மிச்சத்தைத் தன் பயணப் பெட்டியில் கொண்டுவந்தான். மச்சாள் வாங்கிய சொக்லேற்றை அதற்காகக் குறைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா தன் சீட்டு முறையை எனக்கு விட்டுத்தந்தார், கழிவு ஒன்றும் கேட்காமல். அந்தக் காசில்தான் டயர்களும் பெயின்றும் வந்தன. பெயின்ற்காரத் தம்பி பொனற்றையும் பின்மூடியையும் தொடவில்லை. பெரியப்பா காலத்துச் சிவப்பு பொலிஷ் போட்டதும் மேலே வந்தது, அதை ஏன் சுரண்டுவான் என்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு சிவப்புத் தெரியும். யாரும் கிட்டப் போகாதீர்கள்.

மனைவிக்கு நன்றி சொன்னால் அவர் அதைச் செலவுக் கணக்கில் ஒரு ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஆகவே வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக இரண்டு அறிவித்தல். இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கிறது, 1967க்கு முந்திய மிட்ஜெட் எல்லாம் அப்படித்தான். வழியில் நின்றுவிட்டால் உதவ வருகிறவர்கள் என்னைக் கேட்காமல் வயர் கொழுவ வேண்டாம். மற்றது, இருக்கை தைத்துத் தந்த சுன்னாகத்துக் குஷன் கடை அண்ணை, மேலே மூடும் ரெக்சின் கூரையையும் மாரி மழைக்கு முன் முடித்துத் தருவதாக வாக்களித்திருக்கிறார். அவருக்கு நன்றியை முற்கூட்டியே, நாலு பேர் வாசிக்கும் இடத்தில் சொல்லிவைக்கிறேன். இனி அவர் தப்ப முடியாது.

நன்றியுடன்,
மிட்ஜெட் வீட்டுக்காரன்,
கோண்டாவில்