மின்சூளைக் காயில் மூன்றாவது முறையும் அறுந்தது பற்றிப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்பை சுட உங்கள் மின்சூளை வாங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் அறுந்தது இது மூணாவது தடவை. அதே கீழ் வரிசை, அதே மூலை. தயவுசெய்து இதையாவது முழுசாகப் படியுங்கள். போனில் யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை பேசியவர், "கடலோரத்துல சூளைய வெச்சா அப்படித்தாம்மா, ஊரை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஊரை மாற்றுவதா? நான் பிறந்து வளர்ந்ததே இந்த மண்டபம் ஊரில். சூளையை இறக்கிய அன்றைக்கு உங்கள் ஆள் எங்கள் வாசலில் நின்று கடலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். உப்புக்காற்று அன்றைக்குத் தெரியவில்லையா?

உப்பின் மேல் பழி போடாதீர்கள். அறுந்த துண்டில் பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. பில்லில் கந்தால் ஏ-1 என்று இருக்கிறது. இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த அந்தக் கம்பியில் காந்தம் ஒட்டும். சுட்டபின் வளைத்தால் படக்கென்று உடையும். இதுவோ வளைந்து கொடுக்கிறது. நீங்கள் வைத்தது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம். அது 1200 டிகிரிக்கு மேல் தாங்காது. கோப்பை மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் உருக நான் 1220 ஏற்றுகிறேன், காயில் அதைவிடச் சூடாகத்தானே இருக்கும்?

இதைக் காட்டத்தான் முதல் தடவையே காயிலைச் செய்தித்தாளில் சுற்றி மதுரை சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். வாரண்டி அட்டையின் அசல் இல்லை என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்கப் போச்சு.

ராமேஸ்வரம் விடுதி ஒன்றுக்குச் செய்த அறுபது கோப்பைகளும் வீண். கிளேஸ் உருகாமல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நிற்கிறது. என் தொழிலே முடிந்துவிட்டது.

அதே காயிலை மறுபடி அனுப்பாதீர்கள். சரியான கம்பியில், இன்னும் தடிப்பாக, மின்தடை (ஓம்) மாறாமல் நீளத்தைக் கூட்டிச் சுற்றித் தாருங்கள். மேற்பரப்பு கூடினால் கம்பியின் மேல் வெப்பச் சுமை குறையும், ஆயுளும் கூடும். காயிலின் வால் முனையை இரட்டையாக முறுக்குங்கள், மின்சாரம் இணையும் டெர்மினலில் சூடு ஏறாது. சாயங்காலம் இங்கே 190 வோல்ட்தான். 230-க்குச் சுற்றிய காயில் அதில் மூன்றில் இரண்டு பங்கு சூடுதான் தரும். அதையும் கணக்கில் எடுங்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பிழைப்புக்குச் சுயதொழில் செய்பவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். அந்த அளவுக்குப் போகவேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். துண்டும் காந்தமும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆளை அனுப்புங்கள், அவர் கையிலேயே கொடுத்து ஒட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்