‘நானே இறங்குறேன்’ என்று அவர் சொன்னாலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்பது இன்று பலருக்கும் தெரியும். 2014-இல் 10 லட்சமாக இருந்ததை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மூன்று மடங்காக்கியது. அது செத்த பிறகு கிடைக்கிற தொகை. உயிரோடு இருக்கும்போது அதே ஆளுக்கு நாம் என்ன மதிப்புப் போடுகிறோம் என்று பார்க்க, நம் அடுக்குமாடிச் சங்கங்கள் வாங்கும் கொட்டேஷனைப் பிரித்தால் போதும். லாரி வாடகை இருக்கும், லோடு கணக்கு இருக்கும், ‘லேபர்’ என்று ஒரு வரி இருக்கும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் மெஷினுக்கும், விஷவாயுவை அளக்கும் மீட்டருக்கும் வரி இருக்காது. கேட்டால் ரேட் ஏறும் என்பதால் செயலாளரும் கேட்பதில்லை.

ஆள் ஏன் உள்ளே போகிறார்? செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். நாமோ நிரம்பி வழிந்து, தரைத்தள பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்த பிறகுதான் லாரியைக் கூப்பிடுகிறோம். அதற்குள் அடிமண்டி இறுகிவிடுகிறது. லாரியின் ஹோஸ் மேலே உள்ள நீர்த்த கழிவை மட்டும் இழுக்கும். நாப்கின், துணி, மணல் சிக்கினால் அதுவும் நின்றுவிடும். தொட்டிக்கு இரண்டு அறை இருந்தும் ஒன்றுக்குத்தான் மூடி தெரியும். இன்னொன்றின் மேல் கார் பார்க்கிங் டைல்ஸ் போட்டிருப்பார்கள். ‘அடியில கொஞ்சம் நிக்குது சார், இறங்கி வாரிடட்டுமா?’ என்று லாரியோடு வந்தவர் கேட்பது இந்த இடத்தில்தான். கொடுத்த காசுக்கு வேலை முழுதாக முடியட்டும் என்று வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார்.

உள்ளே இருப்பது நாற்றம் மட்டும் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். துளி அளவு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆனால் 100 பிபிஎம்மைத் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) தொடும்போது மோப்ப உணர்வு மரத்துப்போய், நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் அடங்கிவிட்டது, இனி பயமில்லை என்று அனுபவசாலிகளே ஏமாறுவது அப்போதுதான். 700 பிபிஎம்முக்கு மேல் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார், கத்தவும் நேரமிருக்காது. இன்னொன்று, மூடியைத் திறந்து மீட்டரை விட்டுப் பார்க்கும்போது அளவு சரியாகவே காட்டலாம். இறங்கியவர் காலால் சேற்றைக் கலக்கிய மறுநொடி, அதில் அடைபட்டிருந்த வாயு குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி பொங்கி வரும். ‘இப்பத்தானே பார்த்தோம், ஒண்ணும் இல்லையே’ என்று சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சுடர் ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டிக்கொடுக்காது. மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அதே சுடரில் தொட்டியே வெடிக்கும். ஈரத்துண்டு, துணி மாஸ்க், பெயின்ட் அடிப்பவர்கள் போடும் ஃபில்டர் மாஸ்க் எதுவும் இங்கே உதவாது. ஃபில்டர் காற்றை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே யாரும் இறங்கக் கூடாது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். குவார்ட்டர் அடித்துவிட்டு இறங்கினால் தாங்கும் என்பது நாற்றத்தைச் சகிப்பதற்காக ஏற்பட்ட பழக்கம், பாதுகாப்பு இல்லை.

கழிவே படாத புதுத்தொட்டியும் ஆளைக் கொல்லும், இதைப் பலர் நம்புவதில்லை. கான்கிரீட் போட்டு மூடிய சம்பில் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) சென்ட்ரிங் பலகை ஈரத்தில் ஊறிக் கிடந்தால், அது மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. சில வாரம் கழித்துப் பலகை பிரிக்க முதலில் இறங்குகிறவர் விழுகிறார். குடிநீர் சம்பைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். தண்ணீர் இறைக்க டீசல் பம்பை உள்ளேயே இறக்கினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு போதும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும், நேரடியாகவோ ஆள் வைத்தோ, ஒருவரை இப்படி ஆபத்தான முறையில் இறக்கக் கூடாது என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். சாக்கடைக்குள் ஆள் இறங்கித்தான் தீரவேண்டும் என்றால், உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணம் குறித்து எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்கின்றன விதிகள். அந்த அதிகாரம் சங்கச் செயலாளருக்குக் கிடையாது. 2025 ஜனவரியில் சாக்கடையை ஆள் வைத்துச் சுத்தம் செய்ய உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லித் தடை விதித்த ஆறு பெருநகரங்களில் சென்னையும் உண்டு. ‘அவரேதான் இறங்குறேன்னு சொன்னார்’ என்பது வழக்கில் நிற்காது. வழக்கை விடுங்கள், மனசாட்சி முன்னாலும் நிற்கக் கூடாது. தினக்கூலியை விட்டால் வேறு வழியில்லாதவர், அதிலும் தலைமுறையாக ஒரே சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலைக்கு வருபவர், ‘சரி’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதியான கணக்கு.

செய்ய வேண்டியது கடினமில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய அழைக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள லாரியா என்று கேளுங்கள். எல்லா அறைக்கும் மூடி வெளியே தெரியட்டும், டைல்ஸை உடைத்தாவது. அடிமண்டி வரவில்லை என்றால் ஜெட் அடித்துக் கரைத்து மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். இன்னொரு லோடு காசு ஆகும், ஆகட்டும். அப்படியும் அரை அடி மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டி பளபளப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கொஞ்சம் பழைய மண்டி இருந்தால் நுண்ணுயிர் வேலையைச் சீக்கிரம் தொடங்கும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பெரிய குடியிருப்புகளில் எஸ்டிபி எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிக்குள் பம்ப் மாட்டிக்கொள்வதுதான் தலைவலி. பம்ப் மேலும் கீழும் நகர வழிகாட்டும் கைடு ரயிலும் துருப்பிடிக்காத சங்கிலியும் போட்டுவிட்டால் பம்பை மேலிருந்தே தூக்கலாம், ஒருவரும் இறங்க வேண்டாம்.

ஒருவேளை உள்ளே யாராவது விழுந்துவிட்டால், பின்னாலேயே குதிக்காதீர்கள், குதிக்கப் போகிறவரைக் கட்டிப்பிடித்தாவது நிறுத்துங்கள். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான். பல நேரம் அண்ணன் தம்பி, அப்பா மகன். உடனே 101, 108. தீயணைப்பு வீரர்களிடம் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் உண்டு. அவர்கள் வரும்வரை எல்லா மூடியையும் திறந்து, பிளோயர் கிடைத்தால் குழாய் நுனியை விழுந்தவர் பக்கம் வரை இறக்கி நல்ல காற்றை அடியுங்கள். நுனி தொட்டியின் திறப்பிலேயே நின்றால் பயனில்லை. ஜெனரேட்டர் புகை அந்தக் காற்றோடு சேராதபடி தள்ளி வையுங்கள். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடாதீர்கள், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிலத்தடி நீர் ஏறித் தொட்டிகள் நிரம்பும்; லாரிக்கு அடிபிடியாக இருக்கும். அவசர அவசரமாக ஆளை இறக்கும் பேச்சு அந்த நாட்களில்தான் எழும். சங்கங்கள் ஆகஸ்டிலேயே தேதி வாங்கி, ‘ஆள் இறங்கக் கூடாது’ என்ற நிபந்தனையை ஒர்க் ஆர்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

— ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பொறியாளர், வேளச்சேரி, சென்னை