அந்த 'ஏதோ ஒரு' கலைஞர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் பற்றிய கட்டுரை படித்தேன். அவர் போட்ட கறுப்புக் கண்ணாடி, சுற்றியிருந்த நண்பர்கள், தயாரிப்பாளரும் பாடகருமான டேவிட் போவியின் தலைமுடி நிறம் என்று ஒன்றையும் விடவில்லை. 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பாட்டின் தொடக்கத்தில், தாழ்ந்த சுருதியில் அடியில் ஓடும் பேஸை மட்டும் "ஏதோ ஒரு ஸ்டுடியோ கலைஞர் வாசித்தது" என்று முடித்துவிட்டீர்கள். அந்தப் பாட்டை யாரும் அடையாளம் கண்டுகொள்வதே அந்த இரண்டு விநாடியில்தானே!

அவர் பெயர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். தங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இடம்தான் இல்லாமல் போயிருக்கும். 1972இல் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவு. பெரும்பகுதி இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறி மாறி வரும் பாட்டு. முதலில், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான டபுள் பேஸில், வழுக்கி வழுக்கிப் போகிற மாதிரி ஒரு டிராக் வாசித்தார். அப்புறம் அதன் மேலேயே, பத்தாவது ஸ்வரத்தில், பேஸ் கிதாரில் இன்னொன்று. இரண்டு கருவி வாசித்தால் இரட்டைச் சம்பளம், அதற்காகத்தான் என்று அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கைக்கு வந்தது 17 பவுண்டு. 1990இல் ஒரு ராப் குழு அந்த பேஸை அப்படியே எடுத்துத் தன் பாட்டில் ஒட்டியபோது, உரிமைப் பணம் லூ ரீடுக்குப் போனது.

பிரிட்டிஷ் விமானப்படையில் டியூபா ஊதிக்கொண்டிருந்தவர் ஃப்ளவர்ஸ். அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சனின் 'ஜம்ப் இன்டு த ஃபயர்' (1971) பாட்டில் இவர் பேஸைக் கேளுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருதி சேர்க்கும் கீயைத் திருகி அடித்தந்தியைத் தளர்த்துவார். ஸ்வரம் தொளதொளவென்று தொங்கி இறங்கும். போனில் கேட்டால் தெரியாது, ஹெட்போன் வேண்டும். 1974இல் பிலடெல்பியாவில், போவி மேடை நிகழ்ச்சியை ரெக்கார்டாக்கப் போகிறார், தங்களுக்குத் தனிக்காசு பேசவில்லை என்று தெரிந்ததும், ஆளுக்கு 5,000 டாலர் தராமல் மேடை ஏற மாட்டோம் என்று வாத்தியக்காரர்கள் சார்பில் நின்றவரும் இவர்தான்.

நானும் கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் வாசித்தவன். நோட்டீஸில் பாடகர், கீபோர்டு, தபேலா, சமயத்தில் மைக் செட்காரர் பெயர்கூட வரும். நாங்கள் 'மற்றும் குழுவினர்'. ஒரு மண்டபத்தில் பாதிப் பாட்டில் என் ஆம்ப் (பேஸின் ஒலிபெருக்கிப் பெட்டி) செத்துவிட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, "என்னப்பா, பாட்டு திடீர்னு சப்புனு ஆயிடுச்சு?" என்றார். கேட்டது கீபோர்டுக்காரரிடம்!

தாங்கள் முன்பு திரையிசைச் சிறப்பிதழ் போட்டபோதும் எழுதினேன். புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் தனித்தனிப் பக்கம், பேஸுக்கு ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. என் கடிதம் இதழில் வரவில்லை. ராசிபலன் வழக்கம்போல் ஒன்றரைப் பக்கம் வந்தது. 2024 செப்டம்பரில் ஃப்ளவர்ஸ் 86 வயதில் இறந்தார். அப்போதும் தங்கள் இதழில் ஒரு வரி கிடையாது. சரி, யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் போதும். கூடவே, 43ஆம் பக்கப் படத்தில் இருப்பது செல்லோ அல்ல, டபுள் பேஸ். கடிதத்தைச் சுருக்குவதானால் என் புலம்பலைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். அவர் பெயரில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
திருச்சி