நேர்காணல் அறையில் தண்ணீர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

12 ஆண்டு இடைவெளிக்குப் பின் சென்ற வாரம் மதுரையில் கணக்காளர் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். 10 மணிக்கு வரச்சொன்னவர்கள் ஒன்றரை மணிக்குத்தான் அழைத்தார்கள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதற்றத்தில் உமிழ்நீர் குறைவது உடலின் இயல்பு. விஷயம் தெரியாதவள் என்று பொருளல்ல. ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மேசையில் அவர்கள் மூவருக்கும் மூன்று தண்ணீர் பாட்டில்கள். எனக்கு ஒன்றுமில்லை. நாக்கு நுனியை மெல்லக் கடித்துப் பார்த்தேன். சிறிது எச்சில் ஊறியது, போதவில்லை. வெட்கத்தை விட்டுத் தண்ணீர் கேட்டேன். நடுவில் இருந்தவர் தம் திறக்காத பாட்டிலையே நீட்டினார். இரண்டு மடக்கு குடித்ததும் ஜிஎஸ்டி தாக்கல் பற்றி மடமடவென்று பேசினேன். வேலைக்கு வருபவரின் நாற்காலிக்கு முன்னும் ஒரு தம்ளர் வைத்தால் நிறுவனங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

— ஒரு வாசகி, திருமங்கலம்