ஒரு காலி அரங்கம் வேண்டும்: சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சபா செயலாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி கச்சேரி சீசன் தொடங்குமுன் உங்கள் அரங்கம் சும்மா இருக்கும் ஒரு காலைப்பொழுது எனக்கு வேண்டும். பாடகர், பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், பதிவுக் கருவி. அவ்வளவுதான்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் உருவாக்கிய ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ என்ற படைப்பை அங்கே நிகழ்த்திப் பார்க்க ஆசை. ஒருவர் சில வாக்கியங்கள் பேசுவார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்வார்கள். அதை மறுபடியும் ஒலிக்கவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்கு இசைவான அதிர்வெண்கள் ஓங்கும், மற்றவை மங்கும். 1981-இல் வெளிவந்த இசைத்தட்டில் 32 சுற்றுகள், முக்கால் மணி நேரம். முதல் சில சுற்றுகளில் குளியலறையில் பேசுவதுபோல இருக்கும். அப்புறம் சொற்கள் கரைந்து, நீண்ட ரீங்காரமும் பேச்சின் லயமும்தான் மிஞ்சும். லூசியருக்குத் திக்குவாய் உண்டு. தன் பேச்சின் மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் வழி இது என்று அந்தப் பேச்சிலேயே சொல்கிறார். சொல்லும்போதே திக்குகிறார்!

“இதெல்லாம் சங்கீதமா?” என்று கேட்பீர்கள். கேட்கலாம். 1965-இல் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, கண்மூடி உட்கார்ந்து, மூளையின் ஆல்ஃபா அலைகளால் தாளவாத்தியங்களை அதிரவைத்த ஆசாமி அவர். ஆனால் நமக்கு முழுக்க அந்நியரும் இல்லை. 2011 வரை அவர் பாடம் நடத்திய அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில்தான் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதன் மிருதங்கமும், டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்களுக்கு என்ன லாபம்? பாதிக் கச்சேரி வரை பாடகர் ஒலிப்பதிவாளரைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே இருப்பதையும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த நாதம் அரங்கம் முழுக்க உறுமுவதையும் பார்த்திருப்பீர்கள். நாம் உடனே வால்யூமைத்தான் திருகுகிறோம். எந்த ஒலியை அரங்கமே ஊதிப் பெருக்குகிறது என்பதை இந்தப் படைப்பு காதுக்கே காட்டிவிடும். உங்கள் சவுண்ட்காரர் பக்கத்தில் இருந்து கேட்டால், எதை எங்கே குறைக்கலாம் என்று அவருக்குப் பிடிபடும்.

பேச்சு எதுவாகவும் இருக்கலாம் என்று லூசியரே அனுமதித்திருப்பதால், தமிழிலேயே பேசலாம். ஒருமுறை காலி அரங்கில், இன்னொருமுறை ஆட்களை உட்காரவைத்து. ஆள் நிறைந்தால் அரங்கின் ஒலியே வேறு. ஏசியையும் மின்விசிறிகளையும் மட்டும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் இரைச்சலும் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகும்.

வாடகை எவ்வளவு என்று சொல்லுங்கள். கேன்டீன் திறந்திருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகன்